அரை பாட்டில் பச்சை மை 7,500 ரூபாய்! மோன்ட்பிளாங்க் ரேசிங் கிரீன் எழுதிப் பார்ப்போம்

வணக்கம் மக்களே. கீழ்வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது, சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது நிற்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் மோன்ட்பிளாங்க் ரேசிங் கிரீன் பவுண்டன் பேனா மை வந்துவிட்டது. ஆமாம், அதேதான். 2010 வாக்கில் அந்த ஜெர்மன் கம்பெனி தன் மை வரிசையையே மாற்றியபோது கழற்றிவிட்ட பச்சை. அப்போது இதை வாங்கிப் பதுக்கி வைத்தவர்கள் இன்றைக்கு ராஜாக்கள். நம்மைப் போலத் தாமதமாக வந்தவர்கள் அவர்கள் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வீடியோவைத் தள்ளித் தள்ளித் தேடுவீர்கள், எனக்குத் தெரியும். 7,500 ரூபாய். அதுவும் முழு பாட்டிலுக்கு இல்லை. 50 மில்லி பாட்டிலில் சரியாகப் பாதி இருக்கிறது. கணக்குப் போடுங்கள், ஒரு மில்லி 300 ரூபாய். பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைக்கும் சாதாரண கன்வெர்ட்டரில் முக்கால் மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை நிரப்ப 225 ரூபாய். நான் எல்லா வீடியோவிலும் தூக்கிக்கொண்டு வருவேனே, திருவள்ளூரில் கடைந்த அந்தக் கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா, அது ஐட்ராப்பர், கன்வெர்ட்டர் இல்லாமல் நேராக உள்ளே மை ஊற்றுவது. உடம்பு முழுக்க மை குடிக்கும். மூன்று மில்லி ஊற்றினால் 900 ரூபாய் காலி. அதனால் இன்றைக்கு அந்தப் பேனாவை மேஜைப் பக்கமே கொண்டுவரவில்லை. கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. இந்தக் காசுக்கு நம்ம சென்னை பிரில் மையைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியிருக்கலாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் நான் கேட்கிற நிலையில் இல்லை.

சரி, பாட்டில். இதோ, வெளிச்சத்தில் காட்டுகிறேன். பாதிதான் இருக்கிறது என்றால் பழைய சொந்தக்காரர் எழுதித் தீர்த்தாரா, இல்லை தண்ணீர் ஆவியாகிப் போனதா, பார்த்துச் சொல்ல முடியாது. இது முக்கியமான விஷயம், பிறகு வருகிறேன். முதலில் மூடி. இந்த மூடி படுத்திய பாடு இருக்கிறதே! மரையில் மை காய்ந்து, மூடியும் கண்ணாடியும் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தன. திருகினால் அசையவில்லை. துணி சுற்றித் திருகினேன், அசையவில்லை. மேஜை விளிம்பில் தட்டச் சொல்வார்கள் சிலர், தயவுசெய்து செய்யாதீர்கள், உடைந்தால் ஒரு மில்லி 300 ரூபாய் தரையில் ஓடும். கொதிக்கிற தண்ணீரில் தலைகீழாக வைப்பதும் வேண்டாம், பழைய கண்ணாடி விரிசல் விடும்.

நான் செய்தது இதுதான். பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் வளையமாகச் சுற்றி விட்டுவிட்டேன். இந்த மாதிரி மை தண்ணீரில் கரைந்த சாயம்தான், காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். பஞ்சு பச்சையாக மாறும், எடுத்துவிட்டு வேறு பஞ்சு. அதுவும் பச்சையாகும், மறுபடி வேறு. பஞ்சில் நிறம் ஏறுவது நின்றதும் மூடியைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மெதுவாகத் திருகினேன். "கிரிக்" என்று ஒரு சத்தம். உயிர் போய்விட்டது எனக்கு, கண்ணாடிதான் போச்சு என்று. இல்லை! மூடி! மூடி திறந்துவிட்டது மக்களே! ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த இடத்தை வீடியோவில் மெதுவாக ஓடவிட்டு இரண்டு தடவை போட்டிருக்கிறேன், சலிப்பாக இருந்தால் தள்ளிவிட்டுப் போங்கள், நான் வெட்டமாட்டேன்.

திறந்ததும் பேனாவில் ஊற்றவில்லை. பழைய மை எதையும் அப்படி ஊற்றாதீர்கள். முதலில் மூக்கு. லேசாக மருந்து வாடை வந்தால் பயம் இல்லை, கெடாமல் இருக்க மையில் சேர்க்கும் பினால் அப்படித்தான் மணக்கும். ஈரச்சுவர் வாடை, பூஞ்சை வாடை வந்தால் அப்படியே மூடி ஓரமாக வைத்துவிடுங்கள். அடுத்து, ஒரு பல்குத்தும் குச்சியை அடிவரை விட்டுத் தூக்கிப் பாருங்கள். வழவழவென்று நூல் மாதிரி ஏதாவது தொங்குகிறதா? மேலே ஆடை படிந்திருக்கிறதா? இதில் எதுவும் இல்லை. சிரிஞ்சில் எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டேன், சுத்தமாக ஓடியது.

ஐயோ, பாட்டிலின் வடிவத்தைச் சொல்லவே இல்லையே. பக்கவாட்டில் காட்டுகிறேன். காலணி மாதிரி இருக்கிறது பாருங்கள், சேகரிப்பவர்களும் ஷூ பாட்டில் என்றுதான் சொல்வார்கள். வாய் முன்பக்கம் இருக்கிறது, அதற்கு நேர் கீழே சின்னதாக ஒரு பள்ளம். மை குறைந்ததும் பாட்டிலை முன்னால் சாய்த்தால் மிச்சமெல்லாம் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து நிற்கும், நிப்பு முழுதாக முங்கும். இதை வரைந்தவருக்கு ஒரு கும்பிடு. இப்போது வருகிற சில அலங்கார பாட்டில்களில் பாதி மைக்குக் கீழே போனால் நிப்பு மையைத் தொடாது. அழகுக்கு மட்டும் பாட்டில் செய்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இப்போது எழுதலாம். லாமி சஃபாரி பேனா, மீடியம் நிப்பு, வழக்கமான என் சோதனை வரி. நிறத்தைப் பாருங்கள். முதல் பார்வைக்குப் பச்சை என்றே தோன்றாது. முருங்கைக்கீரையைக் கொஞ்சம் கூடுதலாக வதக்கிவிட்டால் ஒரு கறுத்த பச்சை வருமே, அதுதான். சாம்பல் கலந்த மாதிரி, அழுக்கு மாதிரி. இந்த அழுக்குதான் அழகு! நிப்பு மெதுவாகப் போகிற இடத்தில் கறுப்புக்குப் பக்கத்தில் போகிறது, வேகமாக இழுத்த இடத்தில் வெளுத்துப் பாசி நிறம் காட்டுகிறது. ஒரே எழுத்துக்குள் இரண்டும் தெரிகிறது, இந்த "ழ" வைப் பாருங்கள், சுழியில் ஒன்று, வாலில் ஒன்று. மினுக்குத் தூள் இல்லை, ஓரத்தில் சிவப்பு பளபளப்பு இல்லை. கிளிட்டர் மை பிடித்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அது கல்யாணப் பத்திரிகையோடு சரி.

ஆனால் ஆவியான விஷயம் சொன்னேனே. தண்ணீர் குறைந்த மை அடர்த்தியாகிவிடும், அதனால் இப்போது தெரிகிற கறுப்பில் எவ்வளவு அசல், எவ்வளவு வயசு என்ற கேள்வி வரும். தட்டில் இருந்ததில் கொஞ்சத்துக்குச் சுத்திகரித்த நீர் இரண்டு சொட்டு விட்டுக் கண்ணாடிப் பேனாவில் எழுதினேன். இரண்டாவது வரி அதுதான். இன்னும் பச்சை கூடித் தெரிகிறது, சாம்பல் மட்டும் போகவில்லை. நீர்த்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பாட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றமாட்டேன், எழுதும்போது மட்டும் கலந்துகொள்வேன்.

இதற்குப் பக்கத்தில் ஐரிஷ் கிரீன். ரேசிங் கிரீனை எடுத்துவிட்டு அதே கம்பெனி கொண்டுவந்த பச்சை. பளீரென்று புல் நிறம். நல்ல மைதான், ஒரு பக்கம் எழுதினால் கண் கூசுகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரேசிங் கிரீன் என்பது பிரிட்டிஷ் பந்தயக் கார்களின் நிறம். 1902-ல் கார்டன் பென்னெட் கோப்பையை நேப்பியர் காரில் எஸ்.எஃப். எட்ஜ் ஜெயித்தார். ஜெயித்த நாடுதான் அடுத்த பந்தயத்தை நடத்த வேண்டும். இங்கிலாந்துச் சாலைகளில் பந்தயம் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதனால் 1903-ல் அயர்லாந்தில் நடத்தினார்கள். அந்த மண்ணுக்கு மரியாதையாக அதன் சின்னமான ஷாம்ராக் இலைப் பச்சையைக் காருக்குப் பூசினார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கதை. ஆக, அயர்லாந்தில் பிறந்த ரேசிங் கிரீனை வெளியே அனுப்பிவிட்டு ஐரிஷ் கிரீனை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் இதற்குச் சிரிக்கிறேனா?

பச்சை மை என்றதும் நம்ம ஊரில் கெசட்டட் ஆபீசர் ஞாபகம் வராதவர்கள் உண்டா? மதிப்பெண் பட்டியல் நகலைத் தூக்கிக்கொண்டு ஒரு பச்சைக் கையெழுத்துக்காக அலைந்த தலைமுறை நாம். 2014 வாக்கில் சுய சான்றொப்பம் போதும் என்று வந்த பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறையின் முதல் தலைவர் கமிங் பச்சை மையில் "சி" என்று ஓர் எழுத்து மட்டும் போடுவார், அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சிலி நாட்டுக் கவிஞர் நெரூடாவும் பச்சை மையில்தான் எழுதுவார். ஆபீசர், ஒற்றர், கவிஞர், நல்ல கூட்டணி.

தண்ணீர் சோதனையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சொட்டு விட்டுத் துடைத்தேன், பெரும்பகுதி போய்விட்டது, சாம்பல் கோடாக ஒரு தடம் மட்டும் நிற்கிறது. செக்கில் கையெழுத்துப் போட இது வேண்டாம். பள்ளிக்கூட நோட்டில் லேசாகப் பரவுகிறது, பின்பக்கம் ஊறவில்லை.

மறுபடி வெளியிடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதலாமே என்பீர்கள். லாமி 2016-ல் வெளியிட்ட டார்க் லைலாக் என்ற ஊதா மையை 2024-ல் திரும்பக் கொண்டுவந்தபோது நிறம் பழையதாக இல்லை, ஆட்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டார்கள். பெயர் திரும்பி வருவது சுலபம், சாயம் திரும்பி வருவது கஷ்டம்.

7,500 கொடுக்கலாமா? வேண்டாம். டயமைன் கம்பெனியின் கிரீன் பிளாக் மையை வாங்குங்கள், அந்த இருட்டுப் பச்சை ஆசை முக்கால்வாசி தீரும், கடையிலும் கிடைக்கிறது. மீதிக் கால்வாசிக்காகப் பைத்தியம் பிடிப்பவர்கள் என்னைப் போல மூடியோடு மல்லுக்கட்டலாம். சாம்பிள் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள், ஒரு சொட்டுகூடத் தரமாட்டேன். ஐரிஷ் கிரீன் வேண்டுமானால் கேளுங்கள், பாட்டிலோடு அனுப்புகிறேன், தபால் செலவு மட்டும் உங்களுடையது.