எழுத்தாளர்கள் ஏன் நூல் வரிசை எழுதுகிறார்கள்?

(திரையில்: பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் தெரு, கடையில் அடுக்கிய மாத இதழ்கள்)

ஒரே நாவலில் சொல்லி முடிக்காமல், அதே பாத்திரங்களைப் பல நூல்களில் எழுத்தாளர்கள் கொண்டுவருவதற்குப் பணமே காரணம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பொய்யல்ல; புதிய பாகம் வரும்போது பழைய பாகங்களும் மீண்டும் விற்கும். ஆனால் அந்த விடையோடு நிறுத்திக்கொண்டால், வரிசை என்ற வடிவம் எழுத்தாளருக்குத் தருகின்ற பெரிய வாய்ப்பை நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

முதலில் சந்தையின் பக்கத்தைப் பார்ப்போம். ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்திய முதல் நாவல் 1887இல் வெளிவந்தது. அதன் முழு உரிமைக்கும் அவர் பெற்றது 25 பவுண்டு மட்டுமே. 1891 ஜனவரியில் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழ் தொடங்கப்பட்டபோது அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் அதன்பின் கதையையே கைவிட்டுவிடுகிறார். தனித்தனிச் சிறுகதைகளோ வாசகரை அடுத்த இதழுக்கு அழைத்துவருவதில்லை. ஆகவே, பாத்திரம் தொடர வேண்டும், ஆனால் ஒவ்வொரு கதையும் தன்னளவில் முடிந்துவிட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய ஹோம்ஸ் சிறுகதைகள் அவரைப் பெரும் புகழுக்குக் கொண்டுசென்றன.

(திரையில்: ரைக்கன்பாக் அருவி, சுவிட்சர்லாந்து)

இந்த வடிவத்துக்கு ஒரு விலையும் உண்டு. வரலாற்று நாவல்களே தம் உயர்ந்த பணி என்று நம்பிய டாயில், 1893 டிசம்பரில் ஹோம்ஸை ரைக்கன்பாக் அருவியில் சாகவைத்தார். வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பிவர நேர்ந்தது. கடைசியில் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் சேர்ந்தன. வாசகர் மனத்தில் குடியேறிவிட்ட ஒரு பாத்திரம், படைத்தவருக்கு மட்டுமே உரியதாக அதன்பின் இருப்பதில்லை.

(திரையில்: பாரிஸ் நகரம், 1830கள்)

வரிசையின் கலைப் பயனை அறிய, அதற்கு அரை நூற்றாண்டு முன்பு பாரிஸில் எழுதிக்கொண்டிருந்த பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கிடம் போக வேண்டும். என் கணிப்பில் டாயிலின் கண்டுபிடிப்பைவிட இவருடையது பெரியது. 1834இல் 'தந்தை கோரியோ' நாவலை எழுதும்போது, அதில் வரும் ஏழைச் சட்ட மாணவனுக்கு முதலில் வேறொரு பெயரை வைத்திருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு ராஸ்தினியாக் என்று எழுதினார். அந்தப் பெயருடையவர் 1831இல் வெளிவந்த அவருடைய இன்னொரு நாவலில், பாரிஸ் சமூகத்தின் நெளிவுசுளிவுகளைக் கற்றுத் தேர்ந்த மனிதராக ஏற்கெனவே நடமாடியவர். அந்த ஒரு திருத்தத்தால், அவர் எப்படி அத்தகைய மனிதரானார் என்பதை வாசகர் பின்னோக்கிப் பார்க்க முடிந்தது. பின்வரும் நூல்களில் அவர் அமைச்சராகவும் உயர்கிறார். வாழ்க்கையில் நாம் ஒருவரை அறிந்துகொள்வதும் இப்படித்தான்: இடைவெளிவிட்டு, முன்பின்னாக, பிறர் வாய்வழியாக. தனி நாவல் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் இந்த அனுபவத்தைத் தருவது கடினம், ஏனெனில் இங்கே வாசகரின் பழைய வாசிப்பு நினைவே கதையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அதன்பின் பால்சாக் தம் பழைய நூல்களின் மறுபதிப்புகளிலும் பாத்திரப் பெயர்களை மாற்றி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்தார். 1842 முதல் அவை 'மனித நாடகம்' என்ற பொதுத் தலைப்பின் கீழ் வெளிவரத் தொடங்கின. ஒரே குடும்பத்தின் கிளைகளை 1871 முதல் 1893 வரை 20 நாவல்களில் எழுதிய எமில் சோலாவுக்கும் அந்த முயற்சியே முன்னோடியாக இருந்தது.

'மனித நாடகம்' வரிசைக்காக 1845இல் பால்சாக் தயாரித்த பட்டியலில் 137 தலைப்புகள் இருந்தன. 1850இல் அவர் இறந்தபோது அவற்றில் பல எழுதப்படாமலே நின்றுவிட்டன. ஆனாலும் முடிவடைந்த நாவல்களில் எதை முதலில் எடுத்தாலும் கதை முழுமையாகவே கிடைக்கிறது. வரிசையைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் 'தந்தை கோரியோ'விலிருந்தே தொடங்கலாம்.