வேர் நுனியில் யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஊட்டிப் பக்கம், மழை விட்டதும் பைன் காட்டுக்குள் நடந்திருக்கிறீர்களா? சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த காளான் கண்ணில் பட்டிருக்கும். அமானிட்டா மஸ்காரியா என்று பெயர். படம் எடுக்கலாம், வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள், நஞ்சு. மரத்தின் வேரோடு சேர்ந்து வாழும் ஒரு பூஞ்சை மண்ணுக்கு மேலே அனுப்பிய காய் அது.

பைன் மரத்தின் மெல்லிய வேரைக் கழுவி, கை லென்ஸில் பாருங்கள். நுனி கட்டையாக, கவைபோலப் பிரிந்திருக்கும். பூஞ்சை இழைகள் அதற்கு உறை போட்டிருக்கும். உள்ளேயும் போகும், ஆனால் செல்களுக்குள் நுழையாது. இடுக்குகளில் வலை பின்னிக்கொள்ளும். கொடுக்கல் வாங்கல் நடப்பது அங்கேதான். மரம் சர்க்கரை தரும், பூஞ்சை நைட்ரஜனும் பாஸ்பரஸும் தரும். 1885-இல் பெர்லினில் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். பூஞ்சை வேர், அவ்வளவுதான் அர்த்தம். அரசாங்கம் அவரிடம் கேட்டது என்னவோ ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த பூஞ்சையைப் பயிரிடும் வழியை!

சரி, மரத்துக்கு ஒரு பூஞ்சையா? இல்லை. ஒரே மரத்தில், விரற்கடை தூரத்தில் இருக்கும் இரண்டு நுனிகளில் இரண்டு இனங்கள் குடியிருக்கலாம். இதில் யார் அதிகம்? மேலே முளைக்கும் காளானை எண்ணித்தான் வெகுகாலம் கணக்குப் போட்டார்கள். மேடையில் ஏறுபவர்களை எண்ணி ஊர் ஜனத்தொகை சொல்வது மாதிரி.

கலிஃபோர்னியாவில் பாயின்ட் ரேயஸ் கடலோரத்தில் பிஷப் பைன் காடு இருக்கிறது. அங்கே மோனிக் கார்ட், தாமஸ் புரூன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேர் நுனிகளிலிருந்தே டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். 1996-இல் வெளியான முடிவு கணக்கைக் கலைத்துவிட்டது. மேலே கூட்டம் கூட்டமாக முளைத்த சுயில்லஸ் என்ற காளான், வேரில் தேடினால் சொற்பம். வேரை நிறைத்திருந்த ருசுலா என்ற வகையின் ஓர் இனமோ மேலே தலைகாட்டியது குறைவு. இன்னும் சில, காளானே விடுவதில்லை; விழுந்த கட்டையின் அடியில் தடவிய மைபோலப் படிந்திருக்கும். அவற்றை யார் எண்ணியிருப்பார்கள்?

1995 அக்டோபரில் அதே வட்டாரத்தில் பெருந்தீ. பிஷப் பைனின் கூம்புகள் சூட்டில்தான் நன்றாக விரியும். சாம்பலில் கன்றுகள் மொய்த்தன. அப்புறம் அந்தக் கன்றுகளின் வேரைச் சோதித்தார்கள். பெரிய மரங்களின் வேரை ஆண்ட ருசுலா முன்வரிசையில் இல்லை. ரைசோபோகன் என்ற இன்னொரு பூஞ்சை வந்து உட்கார்ந்திருந்தது. அதன் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், வேர் வந்து எழுப்பும்வரை. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் கெட்டிக்காரர் இவர்தான். குடை விரிப்பதில்லை, காற்றை நம்புவதில்லை. உருளைக்கிழங்கு மாதிரி மண்ணுக்குள்ளேயே காய்க்கும். மானோ எலியோ மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்று, எச்சத்தில் வித்தைப் பரப்பும்.

நீலகிரியில் நிற்கும் பட்டுலா பைன் மெக்சிகோ மரம். அதன் வேரை ஆராய்ந்தவர்கள் 1993-இல் எழுதிய கட்டுரைகளில் நம் சிவப்புக் குடைக்காரர் இருக்கிறார். ரைசோபோகனும் இருக்கிறது. படம் எடுக்கக் குனிபவரின் செருப்புக்கு அடியிலேயே அது இருந்தாலும் இருக்கும்.

வணக்கம்.