இருபது நிமிடக் கூத்து

(எங்கள் குடியிருப்புப் பகுதியில் பொங்கல் கலைவிழா நடத்துவது பற்றி நடந்த கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

வரும் பொங்கலுக்கு நம் பூங்காவில் நாட்டுப்புறக் கலைவிழா நடத்தலாமா என்று பேசத்தான் கூடியிருக்கிறோம். பந்தலுக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு என்ற கணக்கைச் செயலாளர் அப்புறம் சொல்வார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன். சென்னைக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. இந்த ஊர்ப் பூங்காக்களில் பறையும் கரகமும் கூத்தும் வந்த நாள் முதல் விடாமல் போய்ப் பார்க்கிறேன். பார்த்ததில் சந்தோஷம் உண்டு. ஒரு மனக்குறையும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பூங்காக்களில் நாட்டுப்புறக் கலைகளை நடத்தும் சென்னை சங்கமம் விழா 2007-இல் தொடங்கியது. அதுவரை நம் பூங்காக்களில் என்ன நடக்கும்? காலையில் நடைப்பயிற்சி, சாயங்காலம் குழந்தைகள் சறுக்குமரம். அவ்வளவுதான். திடீரென்று ஒரு வாரம் ஊர் ஊராகக் கலைஞர்கள் வந்து இறங்கினார்கள். தஞ்சாவூர்த் தப்பாட்டம், மதுரைப் பக்கத்து ஒயிலாட்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து தோல்பாவைக்கூத்து, கொங்கு நாட்டுத் துடும்பு மேளம். 2011 வரை நடந்தது, பிறகு நின்றுபோனது. 2023 பொங்கலுக்கு அரசின் கலை பண்பாட்டுத் துறை ‘நம்ம ஊரு திருவிழா’ என்று பெயர் சேர்த்து மறுபடியும் தொடங்கியது. அந்த வருடம் நான் போனது அண்ணா நகர் கோபுரப் பூங்காவுக்கு. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் நிற்கிறதே, அந்தப் பூங்கா.

உள்ளே நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. ஆனால் அது மேடையிலிருந்து வரவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் பறைக்குழு காகிதமும் வைக்கோலும் போட்டுத் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தை மாதப் பனியில் தோல் தளர்ந்துவிடும். தளர்ந்த தோலில் அடித்தால் ‘தொப்’ என்றுதான் கேட்கும். அனலில் காட்டினால் தோல் இறுகி, குரல் வந்துவிடும். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “ஏன் இதை எரிக்கிறீங்க?” என்று கேட்டான். குழுவின் ஆசான் பதில் சொல்லவில்லை. காய்ச்சாத பறை ஒன்றையும் காய்ச்சிய பறை ஒன்றையும் எடுத்தார். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டிலும் ஒரே அடியை அடித்துக் காட்டிவிட்டு, “எது பேசுது கண்ணு?” என்று கேட்டார். பையன் சரியாகக் காட்டினான்.

பேசுது என்று அவர் சொன்னது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பறைதல் என்றாலே சொல்லுதல் என்றுதான் பொருள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று சொல்லி அடுத்துப் பறையை வைக்கிறது. நிலம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பறை இருந்தது. அப்படிப்பட்ட கருவியைத்தான் பிற்காலத்தில் சாவு வீட்டோடு கட்டிப்போட்டோம். அதை அடிப்பவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். கூலி கொடுக்காமல், மறுத்தால் அடித்து, கட்டாய வேலையாக வாங்கினோம். இது என் ஊரிலும் நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பறை அடிக்க மாட்டோம் என்று அந்த மக்கள் பல ஊர்களில் போராடினார்கள். அப்புறம், அதே பறையை எங்கள் கலை என்று தலைநிமிர்ந்து மறுபடியும் கையில் எடுத்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அன்றைக்குக் கோபுரப் பூங்காவில் பறை முழங்கியபோது நடைபாதையில் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பாட்டிக்குத் தோள் தானாக அசைந்தது. அந்த வட்டத்துக்குள் யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. டிக்கெட்டும் கிடையாது, வாசலும் கிடையாது. சபாவில் இது நடக்காது. கோயில் திருவிழாவிலும் பல ஊர்களில் இன்னும் நடக்காது. பூங்கா கொடுத்த பெரிய வரம் இதுதான் என்று நினைக்கிறேன். நாம் விழா நடத்த வேண்டும் என்று நான் அழுத்தமாகச் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

சரி, மனக்குறைக்கு வருகிறேன்.

பறை முடிந்ததும் தெருக்கூத்து. என் ஊர்க் கலை என்பதால் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அருச்சுனன் தபசு. கொடுத்த நேரம் 20 நிமிடம்.

அருச்சுனன் தபசு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். அதே கதை இரவில் கூத்தாக நடக்கும். கூத்து தொடங்கவே இரவு பத்து மணிக்கு மேல் ஆகும். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்கவே சில மணி நேரம் வேண்டும். முதலில் வேஷக்காரர் யாரும் வரமாட்டார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் சேர்ந்து களரி கட்டும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் பாயும் போர்வையுமாகக் கிளம்பி வருவார்கள். பிறகு கதையை நடத்திக்கொண்டு போகும் கோமாளி, கட்டியங்காரன். அப்புறம்தான் இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து ராஜாவின் குரல் வரும். முகம் தெரியாது. கிரீடத்தின் நுனியும் சலங்கைச் சத்தமும் மட்டும்தான். திரை விலகுவதற்குள் எங்களுக்கு மூச்சு முட்டும்.

தபசுக்கு என்று களத்தில் உயரமான மரம் நட்டிருப்பார்கள். அருச்சுனன் அதில் படிப்படியாக ஏறுவான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. உச்சிக்குப் போய் அங்கிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் திருநீறும் வீசுவான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மரத்தடியில் முந்தானை ஏந்தி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் சித்தி ஒருத்தி ஈரப்புடவையோடு அப்படி உட்கார்ந்திருந்ததை நான் சின்னப்பையனாகப் பார்த்திருக்கிறேன். அவள் கையில் விழுந்த எலுமிச்சம்பழத்தை அவள் பிடித்திருந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவளுக்கு அது வேடிக்கை இல்லை, கலைநிகழ்ச்சியும் இல்லை.

இதை எப்படி 20 நிமிடத்துக்குள் அடக்குவது? பூங்காவில் மரம் நடவில்லை. அருச்சுனன் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று நான்கு பாட்டுப் பாடினார். நல்ல குரல். ஐந்தாவது பாட்டின் பல்லவிக்கு வரும்போது தொகுப்பாளர் மேடையோரத்தில் வந்து நின்று கடிகாரத்தைக் காட்டினார். அந்தத் தொகுப்பாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த பட்டியலில் அடுத்து மூன்று குழு காத்திருந்தது. பட்டியலே அப்படித்தான் போடப்படுகிறது, ஒரு மாலைக்கு இத்தனை கலை என்று.

முடிந்ததும் பின்பக்கம் போனேன். கூத்துக் குழுவின் தலைவரான வாத்தியார் கிரீடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “எந்த ஊரு சார் நீங்க?” என்று கேட்டார். சொன்னேன். எங்கள் ஊர்க் கோயிலில் அவர் அப்பா ஆடியிருக்கிறாராம். அப்புறம் சொன்னார்: “இங்க நல்லாக் கை தட்டுறாங்க சார். நம்ம ஊர்ல யாரு கை தட்டுவா? விடியற வரைக்கும் தூங்காம குந்தியிருப்பாங்க, அவ்ளோதான்.” அவர் குறையாகச் சொல்லவில்லை, இரண்டையும் பார்த்தவர் என்ற முறையில் சொன்னார். ஆனால் நான் வீடு வந்து சேரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இரவு முழுவதும் கண் விழித்துக் கேட்ட ஒரு கலைக்கு நாம் கைதட்டலை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம். இடம் கொடுத்துவிட்டோம், நேரம் கொடுக்கவில்லை.

மற்றக் கலைகளுக்கும் இதே கதைதான். கரகத்தில் சக்திக் கரகம் வேறு, ஆட்டக்கரகம் வேறு. ஒன்று அம்மனுக்கு, இன்னொன்று ஆட்டத்துக்கு. நையாண்டி மேளம் மெல்ல மெல்ல வேகம் கூட்டி, ஆடுபவரோடு போட்டி போடும் இடத்துக்கு வருவதற்குள் ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவிலுக்கும் பறைக்கும் எதற்கு மைக்? வயல்வெளி தாண்டிக் கேட்பதற்காகச் செய்த கருவிகள் அவை. ஆளுயர ஒலிபெருக்கி வைத்து அவற்றை இரைச்சலாக்குகிறோம். நம் பட்ஜெட்டில் அந்தச் செலவைப் பாதியாகக் குறைத்து அந்தப் பணத்தைக் கலைஞர்களுக்குக் கொடுக்கலாம்.

வேறொரு பூங்காவில் காவலாளி வந்து தீ மூட்டக் கூடாது என்று தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார். குழு குளிர்ந்த பறையோடு மேடை ஏறியது. அவர்களுக்கு அது எவ்வளவு அவமானம் என்று அவர் அறிந்திருக்க மாட்டார். இப்போது பல குழுக்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று செயற்கைத் தோல் பறைக்கு மாறிவிட்டன. நம் விழாவில் தீ மூட்ட ஓர் இடமும் பக்கத்தில் இரண்டு வாளி மணலும் இருக்கட்டும். குழந்தைகளை அங்கேயும் கூட்டிக்கொண்டு போவோம்.

பிழைப்பையும் நினைத்துப் பாருங்கள். கலைஞர்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடிதான் வருமானம் வரும் மாதங்கள். 2020-இல் ஊரடங்கு வந்தது மார்ச் மாதக் கடைசியில், சரியாகப் பங்குனியில். அடுத்த வருடமும் அதே மாதங்களில் திருவிழாக்கள் நின்றன. இரண்டு வருடச் சாப்பாடு போயிற்று. அப்போது வாத்தியத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும். அதனால் முன்பணம் கொடுத்து, பேசிய தொகையை நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். ‘அடுத்து ஒரு தப்பாட்டக் குழு’ என்று அறிவிக்காமல் ஆசான் பெயர், ஊர்ப் பெயர், ஆடுபவர் ஒவ்வொருவர் பெயரும் சொல்ல வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு குழு வேண்டாம், இரண்டு போதும். முதல் நாள் மாலை முழுவதும் பறை. இரண்டாம் நாள் கூத்து. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது, அக்கம்பக்கத்தில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அதனால் விடிய விடிய என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் 4 மணிக்குக் களரி கட்டினால் 10 மணிக்குள் முடிக்கலாம். ஆறு மணி நேரம். இதை அந்த வாத்தியாரிடம் போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். “ஆறு மணி நேரம் கொடுக்கிறீங்களா?” என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். மரம் நடலாமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பூங்காவின் கிழக்கு மூலையில், சறுக்குமரத்துக்குப் பின்னால், புல் முளைக்காத மண் தரை இருக்கிறது. இன்று காலை நடந்து அளந்தேன். நடுவில் களம் போட்டு மூன்று பக்கமும் பாய் விரித்தால் 300 பேர் உட்காரலாம். மரத்துக்கு நான்கடிக் குழி வேண்டும். அதற்கு மாநகராட்சி அனுமதி வாங்க வேண்டும். மனு எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.