மரைக்குள் ஒரு சுருள் பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவன் நான். "மரையில் டெஃப்லான் டேப் சுற்றித்தான் மாட்டினேன், அப்படியும் ஒழுகுதே" என்று என்னிடம் சொல்லாத வீடு குறைவு. சொட்டுதானே என்று விட்டுவிடுகிறார்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்று வைத்தாலும் நான்கு லிட்டருக்கு மேல் போகிறது. அதுவும் சுவருக்குள் இறங்கினால், கறை வெளியே தெரியும்போது பூச்சு ஊறிப்போயிருக்கும்.

குழாய் முனையில் சுருளாக வெட்டியிருக்கும் மரை எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். குழாயின் வெளிமரை பெரும்பாலும் நுனியில் ஒடுங்கி, உள்ளே போகப் போகப் பருத்திருக்கும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டத்தில் 1 மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. முறுக்க முறுக்க, ஆப்பு அடித்தது போல வெளிமரையும், அது நுழையும் துண்டின் உள்மரையும் நெருக்கிக்கொள்ளும். இணைப்பைத் தாங்குவது இந்த நெருக்கம்தான். ஆனால் எவ்வளவு நன்றாக மரை வெட்டினாலும், ஒன்றின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சேரும் இடத்தில் மயிரிழை சந்து மிஞ்சும். அது மரையோடு சுருண்டு சுருண்டு வெளியே வரை வரும். தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது. அதை அடைப்பது மட்டுமே டேப்பின் வேலை.

டெஃப்லான் டேப்பைப் பசை டேப் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எதனோடும் ஒட்டாது. 1938-ல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர், குளிர்பதன வாயுக்களை ஆராயும்போது எதிர்பாராமல் கண்டெடுத்த பொருள்தான் டெஃப்லான். வழுக்கும் தன்மைதான் அதன் சிறப்பு. மரை சிராய்க்காமல் இன்னும் கொஞ்சம் உள்ளே போக உதவுகிறது, அப்புறம் நசுங்கிச் சந்தை நிரப்புகிறது.

சுற்றும் திசையில்தான் பலர் தவறுகிறார்கள். மரை உள்ள முனையை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்து, கடிகார முள் ஓடும் திசையில் சுற்றுங்கள். மாட்டி முறுக்கும்போது டேப் இன்னும் இறுகும். எதிர்த் திசையில் சுற்றினால், முறுக்க முறுக்க அது உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால் பழைய டேப்பையும் துருவையும் கம்பி பிரஷால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். முதல் மரையை விட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் பிசிறு உள்ளே போய்க் குழாயின் சல்லடையில் அடைக்கும். இழுத்துப் பிடித்து, மரையின் வடிவம் மேலே தெரியும்படி சுற்ற வேண்டும். சாதாரண மெல்லிய வெள்ளை டேப் என்றால் நான்கைந்து சுற்று போதும், தடித்த டேப்புக்கு அதைவிடக் குறைவு.

கையால் முடிந்தவரை முறுக்கி, பிறகு ஸ்பேனரில் ஒன்றரை, இரண்டு சுற்று. அதற்கு மேல் பலத்தைக் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக் உள்மரைக்குள் இரும்பு மரையைப் போட்டு முறுக்கினால், ஆப்பு போல விரித்து அதைப் பிளந்துவிடும். பல சமயம் அன்றைக்கே தெரியாது, சில மாதம் கழித்து வெடிக்கும். கூடியவரை பிளாஸ்டிக்கை வெளிமரையாகவும் உலோகத்தை உள்மரையாகவும் வையுங்கள்.

இன்னொன்றை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு குழாயின் வாய் நேராக நிற்கவில்லை என்று கால் சுற்று பின்னால் திருப்பிவிட்டேன். அப்போது ஒழுகவில்லை. ஓடு பதித்து முடித்த பிறகு சுவர் ஈரமாகிவிட்டது. பதித்த ஓடுகளை உடைத்துத்தான் சரிசெய்தோம். அந்த வீட்டுக்காரரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. டெஃப்லான் ஒருமுறை நசுங்கினால் மீண்டு வராது. பின்னால் திருப்ப வேண்டிவந்தால் கழற்றி, புது டேப் சுற்றித்தான் மாட்ட வேண்டும். இந்த விஷயத்தில் சணல் நல்லது. இரும்புக் குழாயில் சணல் நாரும் மரையில் தடவும் பேஸ்ட்டும் சேர்த்துச் சுற்றினால், சணல் ஈரத்தில் உப்பிச் சந்தை அடைக்கும், சிறிது பின்னால் திருப்பினாலும் தாங்கும். நேரம் பிடிக்கும், கை அழுக்காகும். ஆனாலும் பெரிய இரும்பு இணைப்புகளுக்கு நான் இன்றும் சணல்தான் எடுக்கிறேன். பிளாஸ்டிக்கில் மட்டும் கண்ட பேஸ்ட்டைத் தடவாதீர்கள், சில பேஸ்ட் பிளாஸ்டிக்கை அரித்து விரிசல் விட வைக்கும்.

ரப்பர் வாஷர் உள்ள இணைப்புகளுக்கு டேப் தேவையே இல்லை. ஷவர் ஹோஸ், வாஷிங் மெஷின் குழாய் எல்லாம் அந்த வகை. அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர். மரை அதை அழுத்திப் பிடிக்க மட்டும்தான். ஒழுகினால் வாஷரை மாற்றுங்கள். நான் சொன்னதெல்லாம் தண்ணீர்க் குழாய்க்கு. எரிவாயுக் குழாயில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் இணைப்பை நன்றாகத் துடைத்து, டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்து, தண்ணீரைத் திறந்துவிடுங்கள். காலையில் பாருங்கள். வெந்நீர்க் குழாய் என்றால், சூடாகி ஆறிய பிறகு இன்னொரு முறை. காகிதம் நனைந்திருந்தாலும் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். குளிர்ந்த நீர் ஓடும் குழாய் ஈரக் காற்றில் வியர்க்கும். இணைப்பில் மட்டும் ஈரம் என்றால் கசிவு. குழாய் நெடுகிலும் ஒரே மாதிரி முத்து முத்தாக இருந்தால் அது வியர்வைதான். துணியால் துடைத்துவிட்டு, இணைப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

வணக்கம்.