எம்பிஏ-வில் தூங்க நேரமில்லையா, ஊர் சுற்ற நேரமிருக்கிறதா?

சரி, அடுத்த கேள்வி. "எம்பிஏ சேர்ந்த நண்பர்கள் போடும் படங்களைப் பார்த்தால் எப்போதும் பார்ட்டி, பயணம் என்றுதான் இருக்கிறது. போன் பண்ணினால் தூங்கவே நேரமில்லை என்கிறார்கள். எது உண்மை? நான் அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டுச் சேரப் போகிறேன்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே உண்மைதான். அந்தப் படங்களின் தேதியை மட்டும் ஒருமுறை பாருங்கள். இரண்டு வருஷப் படிப்பு என்றால் பெரும்பாலும் இரண்டாம் வருஷத்துப் படங்களாக இருக்கும். இன்டர்ன்ஷிப் முடிந்து, சிலருக்கு வேலையும் கையில் வந்து, பாடங்களையும் அவரவரே தேர்ந்தெடுக்கும் காலம் அது.

முதல் செமஸ்டர் வேறு கதை. அக்கவுண்டிங், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், புள்ளியியல் எல்லாம் ஒரே மூச்சில் வரும். இன்ஜினியரிங் படித்தவர் புள்ளியியல் வகுப்பில் கொட்டாவி விடுவார், அக்கவுண்டிங்கில் டெபிட் எது கிரெடிட் எது என்று முழிப்பார். கணக்காளராக இருந்து வந்தவருக்கு அப்படியே தலைகீழ்.

அப்புறம் கேஸ், அதாவது ஒரு கம்பெனி முடிவெடுக்க வேண்டியிருந்த சிக்கலை விவரிக்கும் பாடக் கட்டுரை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 500 கேஸ் படிக்க வேண்டும், ஒரு செக்‌ஷனில் சுமார் 90 பேர், வகுப்பில் வாயைத் திறந்து பேசுவதற்கே பாதி வரை மதிப்பெண் போகும். நான் படித்த இடத்தில் அவ்வளவு இல்லை, ஆனாலும் முதல் கேஸை மூன்று மணி நேரம் வரிக்கு வரி கோடு போட்டுப் படித்தேன். மறுநாள் பேராசிரியர் நேராக என்னைப் பார்த்து, "நீங்கள்தான் மேனேஜர், தொழிற்சாலையை மூடுவீர்களா மாட்டீர்களா?" என்றார். எல்லாம் படித்திருந்தேன், அதை மட்டும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு முதல் இரண்டு பக்கம், கடைசிப் பத்தி, பின்னாலிருக்கும் அட்டவணைகள், இவற்றைப் பார்த்து ஒரு முடிவு எடுத்துவிட்டு, அந்த முடிவுக்கு எதிராக என்ன இருக்கிறது என்று தேடத்தான் மீதியைப் படிப்பேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நேரத்தை உண்மையில் விழுங்குவது படிப்பு இல்லை, ப்ளேஸ்மென்ட். சேர்ந்த சில மாதங்களிலேயே இன்டர்ன்ஷிப்புக்கு ஓட ஆரம்பித்துவிட வேண்டும். பிரான்ஸின் இன்சியாட் பிசினஸ் ஸ்கூல் மாதிரி பத்து மாதத்தில் முடிகிற படிப்பில் இன்னும் நெருக்கடி. நீங்கள் பார்க்கும் பார்ட்டிப் படங்களில் சிலவும் இந்தக் கணக்கில்தான் வரும். கம்பெனியிலிருந்து வந்த ஒருவரைச் சுற்றி ஏழு பேர் கையில் கிளாஸோடு வட்டமாக நின்று, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, தன் கேள்வியை எப்போது நுழைக்கலாம் என்று காத்திருப்பார்கள். அதைக் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நட்பு கிடைக்காதா என்றால், கிடைக்கும், ஆனால் பார்ட்டியில் இல்லை. ஐந்தாறு பேர் சேர்ந்த ஸ்டடி குரூப்பில், ராத்திரி ஒரு மணிக்கு எக்செலில் இரண்டு பக்கமும் டேலி ஆகாமல் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருப்போமே, அங்கே கிடைத்தவர்கள்தான் எனக்கு இன்றும் பேச இருக்கிறார்கள்.

கல்லூரியின் மாணவர் கிளப்புகளில் ஆசைப்பட்டு ஆறேழில் பெயர் கொடுத்துவிடாதீர்கள், முதல் செமஸ்டருக்கு ஒன்று போதும். வேலையை விட்ட பிறகு சேரும்வரை கிடைக்கும் நாட்களில் எக்செலும் அடிப்படை அக்கவுண்டிங்கும் பார்த்து வையுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது மிச்சமாகும்.