மிதி தரையைத் தொடும்போது

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வாகனத் திருத்தத்தைக் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், வீட்டோடு சேர்ந்த சிறிய கராஜ் ஒன்றை நடத்தி வருகிறேன். பொலிஸ் வாகனங்களின் பராமரிப்பைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது, யாழ்ப்பாணத்தில் இதற்குச் செவி கொடுப்பவர் எத்தனை பேர் என்ற ஐயம் எழுந்தது. பொலிஸ் ஜீப் ஒன்று சந்தியில் நின்றுபோய், உள்ளே இருந்தவர்களே இறங்கித் தள்ளினால், எதிரே தேநீர்க் கடையில் நிற்பவர்கள் சிரிப்பது நம் ஊர் வழக்கம். நானும் சிரித்திருக்கிறேன். அப்படியான ஜீப் ஒன்றின் அடியில் படுத்துப் பார்த்த நாளோடு அந்தச் சிரிப்பு நின்றது.

என்னிடம் படித்த ஒருவர் இன்று பொலிஸ் சாரதியாக இருக்கிறார். சென்ற மாரியில், ஒரு மாலைப் பொழுது, தாம் ஓட்டும் ஜீப்பை என் படலையடியில் நிறுத்திவிட்டு, "சேர், பிறேக்கை மிதிச்சால் கால் தரை மட்டும் போகுது, ரெண்டு தரம் அடிச்சால்தான் பிடிக்குது" என்றார். இரண்டாம் தரம் மிதிப்பதற்கு ஒரு விநாடிதானே என்று எண்ணத் தோன்றும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் அந்த ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும். அது ஒரு பேருந்தின் நீளத்திலும் கூடியது. இரவில் மாடுகள் படுத்திருக்கும் ஏ9 வீதியிலும், வடமராட்சி கிழக்கில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும் மணல் டிப்பரின் பின்னாலும் அந்த 17 மீற்றர் எங்கே கிடைக்கும்? ஜீப்பின் பின்பகுதியில் நீள வாங்குகளில் எதிரெதிராக இருந்து வருபவர்களுக்கு ஆசனப் பட்டியும் இருக்கவில்லை. பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி, அவ்வளவுதான்.

பின் சக்கரங்களுக்குப் பிறேக் எண்ணெயைக் கொண்டுசெல்லும் இரும்புக் குழாய், மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. அதை அடித்தட்டோடு சேர்த்துப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியபோது, உள்ளே அடைந்திருந்த ஈரமணலோடு குழாயின் தோலும் செதில் செதிலாக உரிந்து வந்தது. பண்ணைத் தாம்போதியால் தீவுப் பக்கம் தினமும் போய் வரும் வாகனத்துக்கு உப்புக் காற்றும் கடல் தூவானமும் செய்கிற வேலை இது. கண்ணுக்குத் தெரியும் இடத்தைவிட, சேறு தங்கும் மறைவிடத்தையே துரு முதலில் பிடிக்கும். அவ்வழியே கசிந்தது போகத் தாங்கியில் மிஞ்சியிருந்த எண்ணெய் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். விடாமல் துரத்திப்போய் மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது சூடேறிய எண்ணெய் கொதித்து ஆவியாகும்; ஆவி அமுங்கக்கூடியது என்பதால் மிதி வெறுமையாக இறங்கும். ஆகவே, திருத்தகத்தின் முற்றத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படும் ஜீப், அன்றிரவே கைவிடக்கூடும்.

இன்னொன்று, பொலிஸ் வாகனத்தின் வயதைக் கிலோமீற்றர் காட்டாது. வீதித் தடையருகே இயந்திரத்தை ஓடவிட்டபடி மணிக்கணக்காக நிற்கும் வாகனத்தின் இயந்திர எண்ணெய், வேகமானி அசையாதபோதும் கெட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் போர்ட் நிறுவனம், நின்றபடி ஓடும் ஒரு மணித்தியாலத்தை ஏறத்தாழ 53 கிலோமீற்றர் ஓட்டத்துக்குச் சமமாகக் கொள்ளச் சொல்கிறது. போதாததற்கு, குளிர்விப்புத் தண்ணீர் குறைந்தால் பக்கத்துக் கிணற்றில் அள்ளி ஊற்றிவிடுகிறோம். நம் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்திலின் அடியில் என்ன செய்கிறது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் அதே வெள்ளைக் கல்தான் படிகிறது.

பணமில்லை என்ற பதிலை நான் தள்ளிவிடவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இன் நெருக்கடியில் உதிரிப் பாகங்களுக்கு நாடெங்கும் அலைந்ததை நாம் எல்லோரும் பட்டிருக்கிறோம். ஆனால், அரை மீற்றர் குழாயும் ஒரு போத்தல் எண்ணெயும் வாங்க முடியாத திணைக்களம் எங்கும் இல்லை. சிக்கல், பழுதை முதலில் அறிபவரின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் இருப்பதில்தான். சாரதி ஓட்டப் பதிவேட்டில் எழுதுகிறார். அதை ஒருவர் பார்த்துக் கையொப்பமிடுகிறார். மறுநாளும் அதே வாகனம் வெளியே போகிறது. கட்டளைக்குப் பணிவதையே தொழிலாகப் பழகியவர், "இதை நான் எடுக்கமாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? தனியார் பேருந்துச் சாரதிகூட முதலாளியோடு சண்டை பிடித்துவிட்டு இறங்கிப் போகலாம்.

அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் 2017 ஆம் ஆண்டு, ரோந்து வாகனங்களுக்குள் நச்சுப் புகையான காபன் மோனொக்சைட் கசிந்து உத்தியோகத்தர்கள் சுகவீனமுற்றபோது, நகரப் பொலிஸார் அவ்வகை வாகனங்களில் ஏறத்தாழ 400 ஐச் சேவையிலிருந்து ஒரேயடியாக விலக்கினார்கள். பொலிஸ் விளக்குகளையும் கருவிகளையும் பொருத்தத் துளைத்த துவாரங்கள் சரியாக அடைக்கப்படாததும் கசிவுக்கு ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. 400 வாகனங்களை நிறுத்துவதற்கு அவர்களிடம் வசதி இருந்தது என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஒரே ஒரு ஜீப்பை ஒரு நாள் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அதை ஓட்டுபவருக்குக் கொடுப்பதற்கு அவ்வளவு வசதி தேவையில்லை. அவர் எழுதிய பழுது திருத்தப்பட்டது என்று திருத்துநர் ஒப்பமிடும்வரை திறப்பு எவர் கைக்கும் போகக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

அந்த மாலையில் என் மாணவர் தம் பதிவேட்டை விரித்துக் காட்டினார். "பிறேக் மிதி இறங்குகிறது" என்று மூன்று வெவ்வேறு திகதிகளில் எழுதியிருந்தார்; மூன்றாவது தரம் அடிக்கோடும் இட்டிருந்தார். குழாயை மாற்றித் தருவதற்கு எனக்கு அனுமதி இல்லை, அவருக்கும் இல்லை. அவர் கேட்டது வேறொன்று. "சேர், உங்கட கடதாசியில எழுதித் தாங்கோ. நான் சொன்னால் எடுபடாது." என் பெயர் அச்சிட்ட தாளில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே ஜீப்பை இரண்டாம் கியரில் மெதுவாக உருட்டியபடி போனார்.

நன்றி, வணக்கம்.