உளுந்தளவு நோவா

(கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு முன்பாக, ஏற்காட்டில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து சேர்ந்தபோது, என் மடியிலிருந்த சார்ட் சுருள் ஈரத்துணி மாதிரி தொய்ந்துபோயிருந்தது. சேலத்தில் கிளம்பும்போது விறைப்பாகத்தான் இருந்தது. மலைப்பனிக்கும் காகிதத்துக்கும் ஆகாது. இங்கே வகுப்பெடுக்கிறவர்கள் மைதா பசையைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். ஒட்டினதைக் காய விட்டுவிட்டு அந்த நேரத்தில் பாட்டுப் பாடுங்கள். கீழே சித்திரை வெயிலில் எங்களுக்கு நேர் எதிரான கஷ்டம், தடவி முடிப்பதற்குள் பசை காய்ந்துவிடும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைக்கு வேண்டாம். அன்றைக்குக் காய்ச்சினதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்: வேதக் கதைகளைப் பிள்ளைகள் கையாலேயே காகிதத்தில் செய்ய வைப்பது.

ஞாயிறு பள்ளியில் சேர்ந்த புதிதில் வெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டின பேழையை, 40 பிள்ளைகளுக்கு 40 என்று காகிதத்தில் வெட்டினேன். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து வெட்டினேன். வளைந்த படகு, மேலே ஒரு குட்டி வீடு, ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கித் தலை. மறுநாள் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் வண்ணமடித்து ஒட்டிவிட்டு, "அப்புறம் என்ன டீச்சர்?" என்று உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் "போன வாரம் என்ன கதை?" என்று கேட்டேன். "படகு ஒட்டினோம் டீச்சர்!" கதை யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது. கத்தரிக்கோல் பிடித்துக் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது எனக்குத்தானே.

அதற்கப்புறம்தான் ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தைக் கையில் பென்சிலோடு படித்தேன். 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். வளைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேழை என்றால் பெட்டிதானே! தமிழ்ச் சொல்லே சொல்லிக்கொடுக்கிறது, நாம்தான் படப் புத்தகத்தைப் பார்த்துப் படகாக்கிவிட்டோம். எபிரெயத்திலும் நோவாவின் பேழைக்கும் குழந்தை மோசேயைக் கிடத்திய நாணற்பெட்டிக்கும் ஒரே சொல்தான்.

இப்போது ஒரு முழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பையில் கிடக்கிற 30 செ.மீ. ஸ்கேல் எவ்வளவு நீளமோ, பேழை அவ்வளவு நீளம். அகலம் 5 செ.மீ., உயரம் 3 செ.மீ. நாலு பக்கச் சுவருக்கும் சேர்த்து 36க்கு 11 என்று ஒரு துண்டு வெட்டுங்கள். ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே சுற்றிலும் கோடு போட்டு மடித்து, மூலைக்கு ஒரு வெட்டு வெட்டி ஒட்டினால் பெட்டி நின்றுவிடும். 22க்கு 28 அங்குல சார்ட்டில் கணக்காக வெட்டினால் 8 பேழை வரும். (உள்ளே போன மனிதர்களும் எட்டுப் பேர்தான். நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது.) அளப்பதும் மடிப்பதும் பிள்ளைகள் வேலை. கோணலாக வந்தால் வரட்டும். ரொம்பச் சின்னவர்களுக்குக் கோடு மட்டும் நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

பெட்டி நின்றதும் ஒரு கிண்ணத்தில் முழு உளுந்தும் துவரம்பருப்பும் எடுத்து வைப்பேன். "நோவாவைச் செஞ்சு பக்கத்துல நிறுத்துங்க" என்பேன். ஒருத்தன் விரல் நீளத்துக்கு ஒரு ஆளை வெட்டித் தருவான். பேழையைவிட நோவா உயரமாக நிற்பார். அப்போது கணக்கு. ஆள் உயரம் ஏறக்குறைய நாலு முழம், அப்படியென்றால் 4 மில்லிமீட்டர். உளுந்து! யானை ஆறு முழம் போல இருக்கும். துவரம்பருப்பு! ஒரு உளுந்தை எடுத்து அந்தப் பெட்டிக்குள் போட்டதும் வகுப்பில் சத்தமே இருக்காது. ஒருமுறை ஒரு சின்னப் பெண் பெட்டியையும் உளுந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவ்ளோ பெருசு கட்டறப்ப அவங்க வீட்ல யாரும் திட்டலையா டீச்சர்?" நான் வெட்டிய 40 ஒட்டகச்சிவிங்கியும் சேர்ந்து இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவரவில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம்.

முழம் என்றால் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கவலை வேண்டாம். பூக்காரம்மா முழம் போடுவதைப் பார்க்காத பிள்ளை உண்டா? தாவீதோடு மோதின கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறக்குறைய ஒன்பதரை அடி. பழைய செய்தித்தாளை நீளவாக்கில் ஒட்டி, ஹால் சுவரில் ஒரு பட்டையாக ஏற்றுங்கள். முழம் போடுகிற பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டால் சண்டை வரும். ஆறாம் வகுப்புப் பையன் கையும் ஒன்றாம் வகுப்புப் பாப்பா கையும் ஒன்றாகுமா? பூ வாங்கும்போது நம் வீட்டு அம்மாக்கள் போடுகிற அதே சண்டைதான். கடைசியில் சபைப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கையால் அளந்தோம்.

முழத்துக்கு இரண்டு சாண், ஆக கோலியாத் 13 சாண். நாமெல்லாம் எண்சாண் உடம்புக்காரர்கள். பிள்ளையைத் தரையில் படுக்க வைத்து அவன் கைச்சாணாலேயே அளந்து பாருங்கள், எட்டை ஒட்டித்தான் வரும். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கோலியாத் நாலு முழமும் ஒரு சாணும்தான். அங்கேயும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எந்தக் கோட்டுக்குக் கீழே நின்றாலும் நம் தாவீது அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

கோலியாத்தின் ஈட்டிக் காம்புக்கு வேதம் சொல்கிற உவமை நெய்கிறவர்களின் படைமரம். அந்த வசனத்தை நான் வேகமாகத் தாண்டப் பார்த்தேன், ஏனென்றால் எனக்கே அது என்னவென்று சரியாகத் தெரியாது. அம்மாபேட்டையிலிருந்து வருகிற ஒரு பையன் விடவில்லை. "படமரமா? எங்க தறியில இருக்கே டீச்சர், துணி சுத்துவோமே!" என்று இரண்டு கையாலும் வட்டம் போட்டுத் தடிமனைக் காட்டினான். அப்புறம் அவனே செய்தித்தாளைச் சுருட்ட ஆரம்பித்தான். ஒன்றைச் சுருட்டி அதன்மேல் இன்னொன்று. "பத்தாது, இன்னும் குடுங்க, இன்னும் குடுங்க" என்று ஹாலில் இருந்த பேப்பரையெல்லாம் தீர்த்துவிட்டான். நான் பெஞ்சில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செங்கடல், எரிகோ, யோனாவெல்லாம் நீங்களே செய்கிறீர்கள். ஒன்றே ஒன்று: யோனாவை விழுங்கினது வேதத்தில் "பெரிய மீன்", திமிங்கிலம் என்று இல்லை. ஆகவே துடுப்பைப் பிள்ளைகள் எப்படி ஒட்டினாலும் சரிதான்.

மாற்கு 2ஆம் அதிகாரத்துக்குப் போவோம். கைகால் அசையாத திமிர்வாதக்காரனை, இயேசு இருக்கிற வீட்டின் கூரையைப் பிரித்து நாலு பேர் இறக்குகிறார்கள். செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி வீடு. இதே கதையில் லூக்கா ஓடுகள் என்று எழுதுவதால், பழைய கல்யாணப் பத்திரிகையைத் துண்டு போட்டு ஓடு வேய்ந்தோம். தீப்பெட்டியின் உள்தட்டு படுக்கை. நாலு மூலையிலும் ஊசியால் ஓட்டை போட்டு, தறியில் மிஞ்சின நூலைக் கோத்து, நூலுக்கு ஒரு பிள்ளை. ஒருத்தன் அவசரப்பட்டால் போதும், தட்டு சாய்ந்து காகித மனிதன் குப்புற விழுவான். எங்கள் வகுப்பில் ஆறு தடவை விழுந்தான். அப்புறம் ஒரு பெண், "டேய், நான் எண்றேன், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரக்கட விடுங்க" என்று அதட்டினாள். ஏழாவது தடவை தட்டு ஆடாமல் இறங்கியது. எல்லாரும் கைதட்டினோம்.

கைதட்டி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், உள்ள இயேசு எங்க?" வைக்க மறந்துவிட்டோம். ஓடு வேய்கிற மும்முரத்தில் எனக்கும் தோன்றவில்லை. கைவேலை ருசி கண்டுவிட்டால் இப்படி ஆகும், உங்களுக்கும் ஆகும். ஆகவே வீட்டைக் கட்டும் முன்பே உள்ளே அவரை உட்கார வையுங்கள்.

இப்போது நாலு நாலு பேராக உட்காருங்கள். மேசைக்கு ஒரு செருப்புப் பெட்டி, ஒரு தீப்பெட்டி, நூல், ஒரே ஒரு கத்தரிக்கோல். இடக்கைக்காரர் யாராவது இருந்தால் என் பையில் தனியாக ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.